‘என்று’ போட்டால் தமிழில் முடிந்தது, ஆங்கிலத்தில்?

‘நாளைக்கு வர்றேன்னு அக்கா சொன்னாங்க’. தமிழில் பேசியதை அப்படியே வைத்து ஒரு ‘என்று’ சேர்த்தால் போதும். ஒருவர் பேசியதை நம் வார்த்தையில் மாற்றிச் சொல்லும் ஆங்கில இன்டைரக்ட் ஸ்பீச்சில் நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தப் பழக்கத்தால்தான்.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒரு வெளியூர்க்காரர் கண்டக்டரிடம் கேட்கிறார்: ‘டஸ் திஸ் பஸ் கோ டு மேலூர்?’ மாற்றினால், ‘ஹி ஆஸ்க்ட் இஃப் தட் பஸ் வென்ட் டு மேலூர்’. ‘டஸ்’ போய் ‘இஃப்’ வந்துவிட்டது, ‘கோ’ ‘வென்ட்’ ஆகிவிட்டது. கேள்விக்குறியும் கிடையாது, முற்றுப்புள்ளிதான். ‘ஆஸ்க்ட் டஸ்’ என்று எழுதித்தான் பலர் மார்க்கை விடுகிறார்கள்.

எழுதுமுன், அந்தப் பேச்சை மறுநாள் வீட்டில் அம்மாவிடம் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் வேறு, இடம் வேறு, நாள் வேறு. ‘ஐ’ ‘ஹி’ ஆவதும், ‘ஹியர்’ ‘தேர்’ ஆவதும், ‘டுமாரோ’ ‘த நெக்ஸ்ட் டே’ ஆவதும் தானாக விளங்கும். என் அனுபவத்தில் அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட இது நன்றாக நிற்கிறது.

அப்புறம், என்றைக்கும் மாறாத உண்மை என்றால் காலத்தை மாற்ற வேண்டாம்: ‘த டீச்சர் செட் தட் த சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்’.