உப்புக்காற்றுக்குத் தாங்கும் பைனாகுலர்: எண்ணூர், பழவேற்காடு போகிறவர்களுக்கு

கடைக்குள் நுழைந்ததும் பலரும் கேட்பது, "எவ்வளவு பவர்?" எண்ணூர் கழிமுகத்திலோ பழவேற்காடு ஏரியிலோ பறவை பார்க்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: உள்ளே நைட்ரஜன் அடைத்து சீல் வைத்ததா? நம் பக்கத்தில் பைனாகுலர் கீழே விழுந்து கெடுவதைவிட ஈரத்தில் கெடுவதுதான் அதிகம். சீல் இல்லாத கருவிக்குள் கடலோர ஈரம் புகுந்தால் லென்ஸிலும், உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான பிரிசத்திலும் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடி மேலுள்ள மெல்லிய பூச்சை (கோட்டிங்கை) அரித்துவிட்டால், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. நீர் தாங்கும் தரத்தைக் குறிக்கும் ஐ.பி.எக்ஸ். 7 (IPX7) என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். வெறும் சாரலுக்குத் தாங்கும் ரகம் போதாது.

அடுத்தது எடை. 8×42 என்றால் எட்டு மடங்கு பவர், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ. இந்த அளவு பெரும்பாலும் 600 முதல் 750 கிராம் வரும். 8×32 ஏறக்குறைய 450 முதல் 550 கிராம். நாலு மணி நேரம் கழுத்தில் தொங்கும்போது அந்த 200 கிராம் நன்றாகவே தெரியும். 32-ஐ 8-ஆல் வகுத்தால் 4. கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4 மி.மீ. பகலில் நம் கண்மணி அதைவிடச் சிறிதாகத்தான் விரிகிறது, அதனால் சேற்றில் நடந்து பார்ப்பவருக்கு 8×32 தாராளம். கருக்கலிலேயே பார்க்கத் தொடங்குகிறவர் 42-க்குப் போகலாம்.

உள்ளான்கள் (கரையோரச் சிறு பறவைகள்) தூரத்துச் சேற்றில் மேயும்போது 10 பவர் வேண்டும் என்று தோன்றும். ஆனால் படகில் கை நடுக்கமும் பத்து மடங்காகும். வெயில் ஏறியதும் சேற்றின் மேல் கானல் ஆடும். பவர் கூடினால் அந்த ஆட்டமும் கூடும், விவரம் கூடாது. ஜூம் பைனாகுலரும், சிவப்பாக மின்னும் லென்ஸும், '50×50' என்று அச்சடித்த மலிவுச் சரக்கும் வேண்டவே வேண்டாம்.

பர்மா பஜார் பக்கம் வாங்கினாலும் பெரிய கடையில் வாங்கினாலும் வாசலுக்கு எடுத்து வந்து சோதியுங்கள். கருவியை ஒரு முழம் தள்ளிப் பிடித்து வானத்தை நோக்கினால் (சூரியன் பக்கம் கூடாது) இரண்டு ஒளிவட்டமும் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரம் சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால் பிரிசம் மலிவுத் தரம். பிறகு எதிர்க் கட்டடத்து மொட்டைமாடி விளிம்பைப் பார்த்தபடி கருவியைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்குங்கள். இரண்டு பக்கமும் விளிம்பு ஒரே மட்டத்தில் இல்லையென்றால் பிரிசம் நகர்ந்திருக்கிறது; பத்து நிமிடத்தில் தலைவலி நிச்சயம். கண்ணாடி அணிபவர் கண்குவளையை (கண் வைக்கும் இடத்து ரப்பர் வளையத்தை) முழுக்க இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். கண் தூரம் (eye relief: முழுக் காட்சியும் தெரிய, கண் பக்க லென்ஸிலிருந்து கண் இருக்கக்கூடிய தூரம்) 15 மி.மீ.க்குக் குறைந்தால் காட்சியின் ஓரம் மறையும். பழைய கருவி என்றால் முன் லென்ஸ் வழியே டார்ச் அடித்து, மறுபக்கம் பூஞ்சை இழை தெரிகிறதா என்று பாருங்கள்.

வாங்கியதும் இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு வலது கண்ணால் மட்டும் பார்த்து, வலது பக்க வளையத்தைத் திருப்புங்கள். வளையம் நின்ற இடத்தை நினைவில் வையுங்கள். இன்னொருவர் கைக்குப் போய் வந்தால் அது மாறியிருக்கும்.

எண்ணூர் பக்கம் உப்போடு அனல்மின் நிலையச் சாம்பலும் லென்ஸில் படியும். அது கண்ணாடித் துகள் போன்றது. சட்டை நுனியால் துடைத்தால் கோட்டிங்கில் கீறல்தான். முதலில் காற்று ஊதும் ரப்பர் பல்பால் ஊதி, பின் தண்ணீர்க் குழாயை மெல்லத் திறந்து நல்ல தண்ணீரில் அலசி, அதற்குப் பிறகே மைக்ரோஃபைபர் துணியைத் தொடுங்கள். இந்த அலசல் சீல் உள்ள கருவிக்கு மட்டும்.

ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் வெளியே வியர்க்கும். உள்ளே அடைத்த நைட்ரஜன் அதைத் தடுக்காது. துடைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள், தானே தெளியும். வீட்டில் மர பீரோவும் தோல் உறையும் பூஞ்சைக்கு வசதியான இடங்கள். ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் புதிது போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது சீக்கிரமே மாறிவிடும்.