புதிய இயங்குதளம் நிறுவும் முன் சர்வரின் வன்தட்டில் செய்யக்கூடாத தவறுகள்

சர்வரில் புதிய இயங்குதளத்தை நிறுவும்போது நெட்வொர்க்கைத் தவறாக அமைத்துவிட்டால் திருத்திக்கொள்ளலாம். நிறுவல் பாதியில் நின்றுபோனால் மறுபடியும் தொடங்கலாம். ஆனால் வேறெங்கும் நகல் இல்லாத ஒரு வன்தட்டை அழித்துவிட்டால், அதிலிருந்த தரவு பெரும்பாலும் போனது போனதுதான். ஆகவே, அழிப்பதற்கு முன்னால் செலவிடும் நேரத்தில் எவ்விதச் சிக்கனமும் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ரெய்டு (பல தட்டுகளை ஒரே தொகுப்பாக இயக்கும் முறை) இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்று நினைப்பது முதல் தவறு. ஒரே தரவை இரு தட்டுகளிலும் எழுதும் ரெய்டு 1, ஒரு தட்டு பழுதாவதிலிருந்து மட்டுமே காக்கும். நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் அதன் இணைத் தட்டிலும் அதே கணத்தில் அழிந்துவிடும். பேக்கப் எடுத்திருந்தாலும், அதை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்க்காதவரை அதை நம்பக்கூடாது. குறிப்பாக, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் அவை ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். தரவை முரணில்லாமல் வெளியே எடுத்துத் தரும், அதற்குரிய டம்ப் கருவியைப் பயன்படுத்துவதே சரி. பழைய பார்ட்டிஷன் அட்டவணை (தட்டு எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்ற பட்டியல்), நெட்வொர்க் அமைப்புகள், கிரான் பணிகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), சான்றிதழ்களின் ரகசியச் சாவிகள் ஆகியவையும் அந்த பேக்கப்பில் இருக்க வேண்டும். பலரும் மறப்பது இவற்றைத்தான்.

அடுத்தது, ஒரு தட்டுக்குப் பதிலாக வேறொன்றைத் தவறுதலாக அழித்துவிடுவது. லினக்ஸ் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் நிலையானவை அல்ல; இயங்குதளத்தின் மையமான கர்னல் தட்டுகளைக் கண்டறியும் வரிசையைப் பொறுத்து அவை மாறும். பழைய இயங்குதளத்தில் எஸ்டிஏ என்றிருந்த தட்டு, நிறுவியைத் துவக்கியதும் எஸ்டிபி ஆகலாம். நிறுவி இருக்கும் யுஎஸ்பி டிரைவே எஸ்டிஏ என்ற பெயரைப் பெற்றிருக்கவும் கூடும். ஒரே கொள்ளளவில் பல தட்டுகள் உள்ள சர்வரில் அளவைப் பார்த்தும் அடையாளம் காண முடியாது. மாடலையும் வரிசை எண்ணையும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, அழிக்கும் கட்டளையைக் கொடுப்பதற்கு முன் அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறுவலுக்குத் தேவையில்லாத தட்டுகளையும் வெளிச் சேமிப்பகங்களின் இணைப்பையும் கழற்றிவைக்க முடிந்தால், அதைவிடப் பாதுகாப்பான வழி வேறில்லை.

பார்ட்டிஷன்களை நீக்கியதும் தட்டு சுத்தமாகிவிட்டது என்று எண்ணுவதும் தவறே. நீங்குவது அட்டவணை மட்டும்; பழைய ரெய்டு, எல்விஎம் (தட்டின் இடத்தை நெகிழ்வாகப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு), இசட்எஃப்எஸ் (ஒரு கோப்பு முறைமை) ஆகியவற்றின் அடையாளக் குறிப்புகள் தட்டிலேயே தங்கியிருக்கும். நிறுவி அவற்றைக் கண்டு பழைய ரெய்டு தொகுப்பைத் தானாகவே உயிர்ப்பித்துவிடக்கூடும். பிறகு தட்டு பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி எழுத மறுக்கும். முதல் சில மெகாபைட்டுகளில் பூஜ்ஜியங்களை நிரப்பினால் போதாதா என்றால், போதாது. லினக்ஸ் மென்பொருள் ரெய்டின் 1.0 வகைக் குறிப்பும், ஜிபிடி எனும் புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணையின் மாற்று நகலும் தட்டின் இறுதியில் இருக்கின்றன. இசட்எஃப்எஸ் தன் நான்கு குறிப்புகளில் இரண்டைத் தொடக்கத்திலும் இரண்டைக் கடைசியிலும் வைக்கிறது. எனவே ரெய்டு தொகுப்பை முதலில் நிறுத்திவிட்டு, வைப்எஃப்எஸ் கருவியைக் கொண்டு ஒவ்வொரு பார்ட்டிஷனிலும், அதன்பின் முழுத் தட்டிலும் இருக்கும் குறிப்புகளை நீக்க வேண்டும்.

பழைய தட்டையே மீண்டும் பயன்படுத்துவதாக இருந்தால் அதன் ஸ்மார்ட் அறிக்கையை (தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்வது)ப் பார்க்காமல் விடாதீர்கள். பழுதானதால் மாற்றியமைக்கப்பட்ட செக்டார்களின் (தட்டின் சிறு சேமிப்புப் பகுதிகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அந்தத் தட்டை ஒதுக்கிவிடுவது நல்லது. முழுச் சோதனைக்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால் அதை முந்தைய நாளே தொடங்கிவிடுங்கள்.

512 பைட் செக்டார் கொண்ட தட்டுகளில் எம்பிஆர் எனும் பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணையால் 2 டெபிபைட்டுக்கு மேல் கையாள முடியாது. பெரிய தட்டுகளுக்கு ஜிபிடி அவசியம். யுஇஎஃப்ஐ எனும் புதிய துவக்க முறையில் துவங்கும் சர்வருக்கு, துவக்கக் கோப்புகளை வைக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் வேண்டும். பழைய பயாஸ் முறையில் ஜிபிடி தட்டிலிருந்து கிரப் (இயங்குதளத்தைத் துவக்கும் நிரல்) துவங்க, 1 மெபிபைட் அளவில் தனி பயாஸ் பூட் பார்ட்டிஷன் ஒதுக்குவது வழக்கம். நிறுவி இருக்கும் யுஎஸ்பி எந்த முறையில் துவங்கியது என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிடைக்கும் இடம் முழுவதையும் ஒரே பார்ட்டிஷனாக ரூட்டுக்கு (இயங்குதளத்தின் மூல அடைவுக்கு) கொடுத்துவிட்டால், கட்டுமீறி வளரும் லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்புகள் சர்வரையே முடக்கிவிடக்கூடும். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பெரிதாக்குவது எளிது, சுருக்குவதோ நடைமுறையில் இயலாது. ஆகையால் எல்விஎம் அமைத்து, இன்றைய தேவைக்கு மட்டும் பிரித்துக் கொடுத்து, மீதியை ஒதுக்காமல் வைத்திருங்கள்.