‘சாலமாண்டர்களுடன் போர்’: விமர்சிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக்கின் ‘சாலமாண்டர்களுடன் போர்’ நாவலை (சாலமாண்டர் என்பது பல்லி போல இருக்கும், நீரிலும் நிலத்திலும் வாழும் உயிரினம்) முதல் தடவை படித்தபோது, பக்க ஓரத்தில் பென்சிலால் ‘சாலமாண்டர் = ஹிட்லர் ஆட்கள்’ என்று எழுதி வைத்தேன். கணக்கு முடிந்தது என்று நினைப்பு. இந்த நாவலைப் பற்றிய விமர்சனங்களில் அடிக்கடி கண்ணில் படும் தவறும் அதுதான்.

1936இல் செக் மொழியில் புத்தகமாக வந்த கதை இது. சுமத்ராவை ஒட்டிய ஒரு தீவின் விரிகுடாவில், இரண்டு காலில் நடக்கும் பெரிய சாலமாண்டர்களைக் கேப்டன் வான் டோக் பார்க்கிறார். சிப்பியைத் திறந்து முத்து எடுக்கவும், சுறாக்களிடமிருந்து தப்பிக்கவும் அவற்றுக்குக் கத்தி கொடுக்கிறார். அவருக்கு அவற்றின் மேல் உண்மையான பிரியம். கேப்டன் இறந்த பிறகு, போன்டி என்ற முதலாளியின் நிறுவனம் அவற்றைக் கடலடிக் கூலிகளாக உலகம் முழுக்க விற்கிறது. கோடிக்கணக்கில் பெருகிய சாலமாண்டர்கள், வாழ ஆழமில்லாத கடற்கரை போதவில்லை என்று கடைசியில் நிலத்தையே வெடிவைத்துத் தகர்க்கின்றன.

இந்த உயிரினத்துக்கு ஒரே அர்த்தம் கொடுத்தால் நாவல் முரண்டு பிடிக்கும். சந்தையில் அவற்றைத் தரம் பிரித்து விலை போடுகிறார்கள், ஒரு தரத்துக்குக் ‘கழிசல்’ என்றே பெயர். அங்கே அவை அடிமைகள். அமெரிக்காவில் கும்பல் கூடி எரித்துக் கொல்லும்போது கறுப்பின மக்கள் பட்ட கொடுமை நினைவுக்கு வருகிறது. பால்டிக் கடலில் வளரும் சாலமாண்டருக்கு நிறம் வெளுப்பு, நடை நிமிர்வு, ஆகவே அதுவே உயர்ந்த இனம் என்று ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியாளர் சொல்கிறார். நாஜி இனவாதம் இங்கே நேரடியாக வருகிறது, ஆனால் அதைப் பேசுவது மனிதர். எந்தப் பக்கத்தில் மனிதர்கள் அவற்றை என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால்தான் நாவல் பிடிபடும்.

அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போவது இன்னொரு தவறு. என் பார்வையில் இதுதான் பெரிய தவறு. இரண்டாம் பாகம் கிட்டத்தட்ட முழுக்கவே செய்தித்தாள் துணுக்குகள், அறிக்கைகள், அடிக்குறிப்புகள். கதை நின்றுவிட்டது என்று பலர் பக்கம் புரட்டிவிடுகிறார்கள். அப்படிப் புரட்டினால் ஹான்ஸைத் தவறவிடுவோம். ஹான்ஸ் ஓர் ஆய்வகச் சாலமாண்டர். கெட்டிக்காரன், விஞ்ஞானியிடம் உதவியாளனாக வேலை பார்த்தவன். மண்டையோட்டில் செய்த சோதனைகளால் அவனுக்குக் கண் போய்விட்டது, ஆகவே வருத்தத்தோடு அறுத்துச் சமைத்துப் பார்த்தோம் என்று அறிக்கை சொல்கிறது. போர் வந்தால் மாட்டிறைச்சிக்குப் பதில் மலிவாகப் பயன்படும் என்ற பரிந்துரையும் உண்டு. ஓர் ஆய்வறிக்கைக்குரிய மரியாதையான நடை, ஒரு சொல்கூட உரக்க ஒலிக்கவில்லை. அந்த நடையைத்தான் சாப்பெக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஆண்டி என்ற சாலமாண்டர் மாலைப் பத்திரிகை படித்துப் பேசும் பகுதியையும் வெறும் சிரிப்புக்காக வைத்தது என்று கடந்துவிடக் கூடாது. ஆங்கிலத்தின் ஆகப் பெரிய எழுத்தாளர் யார் என்று விஞ்ஞானிகள் கேட்கிறார்கள். கிப்ளிங் என்கிறது. படித்திருக்கிறாயா என்றால், இல்லை. கண்டங்கள் எவை என்றால், இங்கிலாந்தும் மற்றவையும். அதன் அறிவு இன்றைய சராசரி மனிதனின் அறிவைவிட எந்த வகையிலும் அதிகமில்லை என்று குழு முடிவு எழுதுகிறது. அடி விழுவது பத்திரிகை வாசிக்கும் நம் மேல்.

சரி, தீர்க்கதரிசனம் என்ற புகழ்ச்சிக்கு வருவோம். 1938 மியூனிக் ஒப்பந்தம் செக்கோஸ்லோவாக்கியாவைப் பிய்த்து ஹிட்லரின் ஜெர்மனிக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று சாப்பெக் இறந்தார். அவர் இறந்தது தெரியாமல் 1939 மார்ச்சில் நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ அவரைக் கைதுசெய்ய வீட்டுக்கு வந்தது. அண்ணன் யோசெஃப் 1945இல் பெர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாமில் மடிந்தார். இத்தனையும் தெரிந்த பிறகு, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்ன நாவல் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இது பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்த 1935 அக்டோபரிலேயே இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் படையோடு நுழைந்தது. மஞ்சூரியாவை ஜப்பான் பிடித்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கண்ணெதிரே நடந்துகொண்டிருந்ததையே அவர் எழுதினார். ஜோசியம் என்று சொல்லிவிட்டால் அந்தத் துணிச்சல் மறைந்துபோகிறது.

நாவலுக்குள் வரும் தத்துவவாதி மெய்னெர்ட், மனித குலத்தைவிடச் சாலமாண்டர்களே ஒற்றுமையான இனம் என்று பேசுவதை எடுத்துச் சாப்பெக்கின் கருத்தாகக் காட்டாதீர்கள். அப்புறம், ‘ரோபோ’ என்ற சொல்லை உலகுக்குத் தந்தவர் என்று தொடங்கி அங்கேயே தேங்கிவிடவும் வேண்டாம். அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தவர் யோசெஃப்தான். அது வந்த நாடகமும் 1920இல் வெளியான வேறு படைப்பு. நாயகன் இல்லை என்பதைக் குறையாக எண்ணவும் கூடாது. ஆனால் பெண்களுக்கு நாவலில் இடமே சிறிது என்று குறை சொன்னால் அது நியாயமான விமர்சனம், நானும் சொல்வேன். ஆங்கிலத்தில் படிப்பவர்கள் 1937இல் வந்த பழைய மொழிபெயர்ப்பா, 1985இல் ஈவால்ட் ஓசர்ஸ் செய்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடையைப் பற்றி எழுதுவதானால் அதைக் குறிப்பிடவும் வேண்டும்.

முடிவு சப்பென்று இருக்கிறது என்ற புகாரையும் அடிக்கடி கேட்கிறேன். கடைசி அத்தியாயத்தில் எழுத்தாளர் தனக்குத் தானே பேசிக்கொள்கிறார், கதையை முடிக்கவில்லை என்பார்கள். அதற்கு முந்தைய அத்தியாயத்தோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். போன்டி வீட்டு வாயிற்காவலர் பொவொந்த்ரா இப்போது கிழவர். மகனோடு ப்ராகில் வல்டாவா ஆற்றங்கரையில் மீன்பிடிக்க உட்கார்ந்திருக்கிறார். தண்ணீரில் ஒரு கரிய தலை எழும்புகிறது. கடலே இல்லாத நாட்டுக்கும் அவை வந்துவிட்டன. கிழவருக்குக் கை கால் ஓடவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் அந்தக் கேப்டனை முதலாளியைப் பார்க்க உள்ளே விட்டது தான்தான், கதவைத் திறக்காமல் இருந்திருக்கலாம் என்று வீட்டில் புலம்புகிறார். அடுத்த அத்தியாயத்தில் எழுத்தாளரின் உள்மனம் கேட்கிறது: சாலமாண்டர்களுக்கு வெடிமருந்து கொடுப்பது யார், பணம் போடுவது யார்? ஆலைகள், வங்கிகள், எல்லா நாடுகளும். கடைசியில் சாலமாண்டர்களே தங்களுக்குள் சண்டை போட்டு அழியும், மிஞ்சிய மனிதர்கள் மெல்லத் திரும்பி வருவார்கள் என்கிறார். அப்புறம் என்ன ஆகும் என்று உள்மனம் மறுபடி கேட்கிறது.

தெரியாது என்கிறார்.