லாரவேலில் டேபிள் பெயர்: பூவுக்கும் ‘எஸ்’ ஒட்டும்

தோவாளை பூச்சந்தைக் கணக்குக்கு லாரவேலில் (வெப் ஆப் எழுத உதவும் PHP ஃபிரேம்வொர்க்) ஒரு சின்ன ஆப் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். மாடல் (டேட்டாபேஸ் டேபிளைக் கையாளும் கிளாஸ்) பெயர் ஒருமையில், ஃபிளவர். டேபிள் பன்மையில், ஃபிளவர்ஸ். ஆங்கில எழுத்தில் ‘பூ’ என்றே மாடலுக்குப் பெயர் வைத்தால், லாரவேல் ‘பூஸ்’ என்ற டேபிளைத்தான் தேடும்! தமிழ்ப் பெயர்தான் வேண்டுமென்றால், மாடலுக்குள் டேபிள் ப்ராப்பர்ட்டியில் நீங்களே எழுதிவிடுங்கள்.

பலரும் சறுக்குவது பிவட் டேபிளில், அதாவது இரண்டு டேபிள்களை இணைக்கும் நடு டேபிளில். ஒரு பூவைப் பல வியாபாரிகள் வாங்குவார்கள், ஒரு வியாபாரி பல பூ வாங்குவார். இரண்டு மாடல் பெயரும் ஒருமையில், ஆங்கில அகரவரிசையில், நடுவே அண்டர்ஸ்கோர்: ஃபிளவர்_டிரேடர். நான் டிரேடரை முன்னால் போட்டுவிட்டு, ‘டேபிள் இல்லை’ என்ற எரரோடு ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டினேன். ஏற்கெனவே வேறு பெயரில் டேபிள் இருக்கிறதா? சரி, பெயரை மாற்ற வேண்டாம். மாடலில் இந்த உறவைச் சொல்லும் பிலாங்ஸ்டூமெனி மெத்தடில் இரண்டாவது ஆர்கியுமென்டாக அந்தப் பெயரைக் கொடுத்தால் போதும்.