ஃபிலிம் கேமரா ரிப்பேர் அறிவைச் சேர்த்து வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1976-ல் வந்த கேனான் ஏஇ-1தான் நுண்செயலி வைத்த முதல் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்துப் படமெடுக்கும்) கேமரா. அதற்கு முந்தைய மெக்கானிக்கல் கேமராவைத் திறந்தால் எந்த நெம்புகோல் எதை இழுக்கிறது என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம். எலக்ட்ரானிக் கேமராவில் அது நடக்காது. உள்ளே என்ன நடக்க வேண்டும் என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

"கம்பெனி கொடுத்த ரிப்பேர் கையேடு, அதாவது சர்வீஸ் மேனுவல் இருக்கிறதே, போதும்" என்று நினைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். உதிரி பாகம் தாராளமாகக் கிடைத்த காலத்தில், பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளுக்காக எழுதப்பட்டவை அந்த மேனுவல்கள். இந்த இடத்தில் அளந்து பார், சரியில்லையா, சர்க்யூட் போர்டையே மாற்று என்ற போக்குதான் பெரும்பாலும் இருக்கும். உதாரணத்துக்கு, மினோல்டா பெயரில் கேமரா செய்வதே 2006-ல் நின்றுபோனது. புது போர்டுக்கு எங்கே போவது? போர்டுக்குள் எந்தப் பாகம் கெடும் என்பதுதான் இன்று தேவைப்படும் தகவல்.

1981-ல் வந்த மினோல்டா எக்ஸ்-700-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வ்யூஃபைண்டரில் விளக்கு எரியும், ஆனால் ஷட்டர் விழாது, ஃபிலிமை நகர்த்தும் லீவரும் நகராது. பல கேமராக்களில் இதற்குக் காரணம் அடித்தகட்டைக் கழற்றினால் உள்ளே இருக்கும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அதில் சேரும் மின்சாரம்தான் ஷட்டரை விடுவிக்கும் மின்காந்தத்தை இயக்குகிறது. சில ரூபாய் பாகம்தான். இது தெரியாமல் எத்தனை நல்ல கேமராக்கள் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

குறிப்பு எழுதும்போது "கெப்பாசிட்டர் மாற்றினேன், சரியாகிவிட்டது" என்று முடித்துவிடாதீர்கள். மதிப்பு என்ன, பிளஸ் முனை எந்தப் பக்கம், மாற்றுவதற்கு முன் எத்தனை வோல்ட் காட்டியது, கேமராவின் சீரியல் எண் எந்த வரிசை என்பதெல்லாம் வேண்டும். ஒரே மாடலிலேயே தயாரிப்பு நடக்கும்போது பாகங்களை மாற்றியிருப்பார்கள். மாற்றியும் சரியாகவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

கெட்ட கேமராவை மட்டும் அளப்பது இன்னொரு தவறு. நன்றாக ஓடும் ஒன்று கையில் இருக்கும்போதே மல்டிமீட்டரை வையுங்கள். ஷட்டரை அழுத்தும் முன்னும் பின்னும் முக்கியமான புள்ளிகளில் எவ்வளவு வோல்ட் என்று குறியுங்கள். சரியான அளவு தெரியாமல் தவறான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாக் கோளாறையும் எலக்ட்ரானிக்ஸ் தலையில் போடவும் கூடாது. ஏஇ-1-ல் ஷட்டரை அழுத்தும்போது கீச்சென்று சத்தம் வந்தால், கண்ணாடியை இயக்கும் பற்சக்கரத்தில் எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எந்த இடத்தில், எவ்வளவு எண்ணெய் என்று படத்தோடு பதிய வேண்டும். கூடினால் அது ஷட்டர் திரை வரை பரவிவிடும்.

ஒயரைக் கழற்றிய பிறகு படம் எடுப்பது பயனில்லை. சால்டரிங் அயர்னை எடுக்கும் முன்பே எடுங்கள். மேனுவலை ஸ்கேன் செய்வதென்றால் கலரில் செய்யுங்கள். சர்க்யூட் படத்தில் ஒயர் நிறம்தான் வழிகாட்டி, கறுப்பு வெள்ளையில் அது போய்விடும். மடித்து வைத்த பெரிய தாளை முழுதாக விரித்து ஸ்கேன் செய்ய வேண்டும், மடிப்போடு வைத்தால் பாதிக் கோடு காணாமல் போகும்.

அப்புறம், செத்த போர்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலிருக்கும் ஐசி (சிப்) அந்தக் கேமராவுக்கென்றே செய்தது, கடையில் கிடைக்காது. எந்த மாடல், என்ன கோளாறு, எது இன்னும் வேலை செய்கிறது என்று ஒரு சீட்டு எழுதி, போர்டோடு சேர்த்து கவரில் போட்டு வையுங்கள்.