குழந்தைகளுக்கு உளவு வேலையைச் சொல்லித் தருவது எப்படி?

ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு உளவாளி என்றாலே கறுப்புக் கண்ணாடியும் துப்பாக்கியும்தான். உடனே திருத்தப் போகாதீர்கள். தெரிந்ததை எல்லாம் அவர்களே சொல்லி முடிக்கட்டும்.

படி 1: ஒரே வரி

"ஒரு நாடு மறைத்து வைத்திருக்கிற விஷயத்தை, அந்த நாட்டுக்குத் தெரியாமல் கண்டுபிடித்து இன்னொரு நாட்டுக்குச் சொல்கிறவர் உளவாளி." எதற்கு என்று கேட்டால், "யாராவது சண்டைக்கு வரப்போகிறார்களா என்று முன்கூட்டியே தெரிந்தால் தயாராக இருக்கலாமே" என்பது போதும்.

படி 2: எலுமிச்சை மை

இதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு வெள்ளைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்ததும் எழுத்து மறைந்துவிடும். பிறகு நீங்களே இஸ்திரிப் பெட்டியால் தாளைத் தேயுங்கள். பெட்டி பிள்ளை கைக்குப் போகக் கூடாது. தாளைவிடச் சாறு பட்ட இடம் சீக்கிரம் கருகுவதால் எழுத்து பழுப்பாக மேலே வரும். மெழுகுவத்தியில் காட்டுகிற பழைய வழி வேண்டவே வேண்டாம், தாள் பற்றிக்கொள்ளும்.

எழுத்து தெரிந்த கையோடு கதையைச் சொல்லுங்கள். முதல் உலகப் போரின்போது ஜெர்மனிக்காக பிரிட்டனில் உளவு பார்த்த கார்ல் முல்லர் இதே சாற்றால்தான் ரகசியக் கடிதம் எழுதினார். 1915இல் பிடிபட்டார். எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேட்டபோது, பல் தேய்க்க என்றாராம்! பிள்ளைகள் சிரிப்பார்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்றும் கேட்பார்கள். தண்டனையில் இறந்துபோனார் என்பதை மறைக்காதீர்கள். விவரம் மட்டும் வேண்டாம்.

படி 3: நோட்டம் விடுதல்

ஆரம்பிக்கும் முன்பே இரண்டு விதிகள். அடுத்தவர் டைரியையும் போனையும் தொடக் கூடாது. பெரியவர் யாராவது "இதை வீட்டில் சொல்லாதே" என்றால் அது உளவு விளையாட்டே இல்லை, உடனே வீட்டில் வந்து சொல்லிவிட வேண்டும். இரண்டாவதை இன்னொரு முறையும் சொல்லிவிடுங்கள்.

இனி, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். "அண்ணன் கோபமா இருக்கான்" என்பது ஊகம். "அண்ணன் கதவைப் படார்னு சாத்தினான்" என்பதுதான் தகவல். உளவு வேலையில் பாதி இந்த வித்தியாசம்தான் என்பது என் எண்ணம்.

படி 4: சங்கடமான கேள்விகள்

"பொய் சொல்வாங்களா?" ஆமாம், சொல்வார்கள். மழுப்ப வேண்டாம்.

"நல்லவங்களா, கெட்டவங்களா?" யாருக்காக வேலை செய்கிறார், யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சோவியத் உளவாளி ருடால்ஃப் ஆபெலை அமெரிக்கா சிறையில் வைத்திருந்தது. அமெரிக்க உளவு விமானி கேரி பவர்ஸ் சோவியத் சிறையில் இருந்தார். 1962 பிப்ரவரி 10 அன்று பெர்லின் ஓரத்துக் கிளீனிக்கே பாலத்தில் இருவரையும் மாற்றிக்கொண்டார்கள். பாலத்தை வரைந்து, இரண்டு பொம்மைகளை எதிரெதிராக நடக்கவிட்டுக் காட்டுங்கள்.

"இப்பவும் இருக்காங்களா?" இருக்கிறார்கள். அந்த வேலையில் பலர் நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படங்களையும் செய்திகளையும் அலசுகிறவர்கள். இதைக் கேட்டதும் பிள்ளைக்குச் சப்பென்று ஆகிவிடும், பரவாயில்லை.