பழைய மாருதி 800: வீட்டு ஷெட்டில் வைத்தே சீர்செய்வது எப்படி?

பழைய கார் ஒன்று வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, 'என்ன கலர் அடிக்கலாம்?' என்பதுதான். கலர் கடைசி வேலை. வண்டி முதலில் ஒழுங்காக நிற்க வேண்டும், பிறகு ஓட வேண்டும், பிறகு துரு போக வேண்டும், அப்புறம்தான் மினுக்கல். இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுப்பீர்கள். புது பெயிண்ட் மேல் பிரேக் ஆயில் சிந்தினால் பெயிண்ட் உரிந்துவிடும் என்பது ஒன்றே போதும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) வைத்த மாருதி 800. மாருதி 800 என்ற மாடல் 1983 டிசம்பரில் வந்து, 1986-இல் உருவம் மாறி, 2014 ஜனவரி வரை தயாரான வண்டி. நாட்டுக்குள் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது, அதனால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஏறக்குறைய 650 கிலோ எடை. பானட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும். பழகிக்கொள்ள இதைவிடத் தோதான வண்டி இல்லை. அம்பாசடர், பத்மினி மேல் ஆசை வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்பதுபோல, அந்த எண்ணின் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து ஒப்பிடுவது நல்லது. துருப்பிடித்து எண் தெளிவாக இல்லையென்றால் அந்த வண்டி வேண்டாம். இன்ஜினைச் சரிசெய்யலாம், காகிதத்தைச் சரிசெய்வது பெரும்பாடு.

அடுத்து தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் தூக்குங்கள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தரைத் தகட்டைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். சத்தம் அமுங்கினால் உள்ளே தகடு செத்துவிட்டது.

இடமும் கருவியும்

சமதளமான சிமெண்ட் தரை, வெளிச்சம், காற்றோட்டம். ஸ்பேனர் செட், பாக்ஸ் ஸ்பேனர், ஹைட்ராலிக் ஜாக்கி, நான்கு ஜாக்கி ஸ்டாண்டு, ஒரு சின்ன கிரைண்டர் இருந்தால் முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்காதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. எச்சரிக்கை இல்லாமல் உடையும்.

கழற்றும் முன் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள். கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி வையுங்கள்.

முதல் வேலை: பிரேக்

பல நாள் நின்ற வண்டியில் பெரும்பாலும் பின்சக்கர டிரம்தான் பிடித்திருக்கும். டிரம்மைக் கழற்றியதும் வரும் தூசியைக் கம்ப்ரசரால் ஊதாதீர்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டித் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இப்போது லைனரை டிரம்மில் அழுத்தும் வீல் சிலிண்டரைப் பாருங்கள். அதன் இரண்டு முனையிலும் ரப்பர் தொப்பி இருக்கும். நகத்தால் மெல்ல விலக்கினால் உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் கசிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது. ரிப்பேர் கிட் கிடைக்கும், ஆனால் சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழி இருந்தால் கிட் போட்டும் பயனில்லை. முழு சிலிண்டரையே மாற்றுங்கள், விலை அதிகமில்லை. ரப்பர் பிரேக் ஹோஸ்களையும் கேட்காமலே மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

பிறகு பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் இருக்கும் இடது பின்சக்கரத்தில் தொடங்குங்கள். காற்றை வெளியேற்றும் சின்னத் திருகான பிளீடர் நிப்பிளில் கண்ணாடிபோல் தெரியும் ட்யூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். உள்ளே இருப்பவர் பெடலை நாலைந்து முறை மிதித்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு 'பிடிச்சிருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் ட்யூபில் குமிழியோடு ஆயில் வரும். நிப்பிளை மூடிய பிறகே 'விடு' என்று சொல்லுங்கள். மூடும் முன் அவர் காலை எடுத்தால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும், வேலை முதலிலிருந்து. குமிழி நின்றதும் வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், வலது முன்சக்கரம் என்று வாருங்கள். நடுநடுவே மேலே உள்ள டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். மூடியில் டாட் 3 (பிரேக் ஆயிலின் ரகம்) என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள்.

இன்ஜினை எழுப்புதல்

சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் வழக்கமாகச் சுழலும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் ஆயில், ஆயில் பில்டர், கூலன்ட், டைமிங் பெல்ட் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலைத் திறந்தவெளியில் முழுக்க வடித்துவிடுங்கள். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலில் அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் ஊறி வெடிக்கும், எனவே பெட்ரோல் லைன் ஹோஸ் அத்தனையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றுங்கள்.

கார்புரேட்டர் நம் ஊர்க்காரர் என்றே சொல்லலாம். ஜப்பானின் மிக்குனியோடு கூட்டுச் சேர்ந்து, சென்னை அருகே மறைமலை நகரில் யூகால் நிறுவனம் தயாரித்தது. கழற்றும் முன் அதில் மாட்டியிருக்கும் வேக்குவம் ட்யூபுகளுக்கு எண் எழுதி ஒட்டுங்கள். உள்ளே பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளைத் துளை துளியூண்டு பெரிதானாலும் வண்டி பெட்ரோல் குடிக்க ஆரம்பித்துவிடும். கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். பிளக் ஒயரைத் திரும்ப மாட்டும்போது தீப்பொறி வரிசை 1-3-2.

துரு

பொறுமை இருப்பவருக்குப் பணம் மிச்சமாகும் இடம் இதுதான். பட்டறையில் டிங்கரிங் கூலியில் பெரும்பகுதி சுரண்டுவதற்கே போகிறது, அதை நீங்களே செய்யலாம்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சீட், தரைவிரிப்பு, அடியில் ஒட்டியிருக்கும் தார் ஷீட் எல்லாவற்றையும் எடுங்கள். பேட்டரி தட்டின் அடி, ஸ்டெப்னி வைக்கும் குழி, ரன்னிங் போர்டு, முன்கண்ணாடி பீடிங்கின் கீழ்ப்பகுதி, கதவின் அடிவிளிம்பு ஆகியவற்றைத் தவறாமல் பாருங்கள். கதவுக்கு அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே வைத்தது. மண் அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். கதவு துருப்பிடிக்கப் பாதிக் காரணம் இந்த அடைப்புதான்.

மேலோட்டமான துரு என்றால் கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஒயர் பிரஷ், அப்புறம் 80, 120 நம்பர் எமரி, பிறகு ரஸ்ட் கன்வர்ட்டர், காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர். ஓட்டை விழுந்திருந்தால் நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் துண்டு வைத்து மிக் வெல்டிங் செய்யும் டிங்கரிடம் கொடுங்கள். பின்தரைக்கு அடியில் 28 லிட்டர் டேங்க் இருக்கிறது. அதைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் அந்தப் பக்கம் வெல்டிங் வேண்டவே வேண்டாம். ஓட்டையில் பைபரும் பட்டியும் திணித்து மூடித் தருகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பட்டி என்பது பள்ளத்தைச் சமன்செய்ய மட்டும், அதுவும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஒருநாள் பெயர்ந்து விழும்.

பெயிண்ட்

தேய்த்து, பிரைமர் அடிப்பது வரை வீட்டில் செய்யலாம். கடைசிக் கோட்டிங்கை மட்டும் பெயிண்ட் பூத்தில் கொடுங்கள். பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைப் பதம் பார்க்கும், சாதா முகமூடி தாங்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் பெயிண்ட் பால்போல் வெளுத்துப் போகும்.

உங்கள் ரசனைக்கு

இங்கே ஒரே விதி: எதைப் போட்டாலும் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிட வேண்டும். சீட் கவர், ஸ்பீக்கர், கதவுக்குள் சத்தம் அடக்கும் ஷீட் தாராளமாகப் போடலாம். எனக்கு மிகவும் பிடித்தது ஹெட்லைட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச்). பழைய ஒயரும் சுவிட்சும் சுமக்கும் மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக நேரடியாகக் கொடுத்தால், அதே 60/55 வாட் பல்பு கண்கூடாகப் பளிச்சென்று எரியும்.

வீலில் மட்டும் நிதானம். கம்பெனி அளவு 145/70 ஆர்12. அதை எடுத்துவிட்டு 155/65 ஆர்13 போட்டால் டயரின் மொத்த விட்டம் 5 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 63-இல் போவீர்கள், வளைவில் மட்கார்டும் உரசலாம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. கலர் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். உதிரிபாகம் தேடுபவர்கள் சென்னை என்றால் புதியதற்கு ஜி.பி. ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. பிரேக் சாமானை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

ரோட்டுக்கு விடும் முன்

இன்சூரன்ஸ் போட்ட பிறகு, ஆள் நடமாட்டமில்லாத நேராக ஓடும் சாலையில் 20 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒருபக்கம் இழுத்தால் திரும்ப ஷெட்டுக்குத்தான். முதல் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட், கழற்றி மாட்டிய போல்ட், ஹோஸ் கிளிப் எல்லாவற்றையும் மறுபடி முடுக்குங்கள்.

15 வருடம் தாண்டிய வண்டிக்கு படிவம் 25-இல் விண்ணப்பித்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. கட்டணம் அடிக்கடி மாறுகிறது, அரசின் பரிவாகன் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக் கட்டுங்கள். எப்.சி.க்கு (தகுதிச் சான்றுச் சோதனைக்கு) போகும் அன்று காலையில் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் லைட் நான்கையும் போட்டுப் பாருங்கள். இன்ஜின் அருமையாக ஓடும் வண்டிகூட நம்பர் பிளேட் லைட் எரியாததால் திரும்பி வருவதுண்டு.